விஷம் கண்டுபிடித்துத் தரப்படும்

மருத்துவ உலகில் தோல்வியே காணாத ஒரு டெஸ்ட் இருக்கிறது. அதைப் பாராட்டாமல் விட்டால் பாவம்.

மூன்று வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறது. சட்டைக் காலரில் லேபிள் உரசினால் தெருவே கேட்க அழுகிறது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெரபிக்குப் போங்கள், பொறுமையாக இருங்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டு நொந்து வெளியே வருகிறவர்களுக்காகவே எதிரில் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். போர்டில் ‘பயோமெடிக்கல்’ என்று இருக்கும். உள்ளே ஏ.சி. இருக்கும். அங்கே இருப்பவருக்குப் பிள்ளையைப் பார்க்க அவ்வளவாக நேரமில்லை. அதன் சிறுநீர் போதும்.

செய்முறை எளிது. முதலில் பிள்ளைக்கு டிஎம்எஸ்ஏ என்றொரு கேப்ஸ்யூல். ஈயத்தையும் பாதரசத்தையும் கவ்விப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து அது. இந்தச் சிகிச்சைக்குத்தான் கீலேஷன் என்று பெயர். அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த சில மணி நேரத்துச் சிறுநீரைப் பிடித்து லேபுக்கு அனுப்புவார்கள். இந்தக் காலத்தில் மூச்சு விடுகிற யார் உடம்பிலும் கொஞ்சம் ஈயம் இருக்கத்தான் செய்யும். மருந்து இழுத்தால் அது வரத்தான் செய்யும். வந்த அளவை, மருந்தே சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்டு அச்சடித்துத் தருவார்கள். உங்கள் பிள்ளை சிவப்பில் இருக்கும். என் பிள்ளையும் சிவப்பில் இருக்கும். டெஸ்ட் எழுதிக் கொடுத்த புண்ணியவானே அந்த கேப்ஸ்யூலை விழுங்கினால் அவரும் சிவப்பில்தான் இருப்பார். ஒருவனுக்குப் பேதி மருந்து ஊற்றிவிட்டு, ‘ஐயையோ, இவனுக்குக் காலரா’ என்று அலறுவதற்குப் பெயர் டெஸ்ட் என்றால், இதுவும் டெஸ்ட்தான். இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் கல்லூரி 2010-இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. இப்படிப்பட்ட ரிப்போர்ட்டின் அடியில், ‘இந்த அளவீடுகள் மருந்து எடுக்காதவர்களுக்கானவை’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. யோக்கியர்கள். பொய் சொன்னார்கள் என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

“உங்க பிள்ளை ரொம்ப சென்சிடிவ்மா. மத்தப் பிள்ளைங்க உடம்பு தானா வெளியேத்திடும். இவன் உடம்பு பிடிச்சு வெச்சுக்குது.” இந்த வசனத்தை எழுதியவன் யாரோ, கைகாரன். கர்ப்பத்தில் என்னத்தைத் தின்றாளோ என்று மாமியார் முணுமுணுப்பதையும், எங்கள் குடும்பத்தில் இப்படி யாருமில்லையே என்று கணவன் வீட்டார் இழுப்பதையும் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவளிடம், ‘குற்றவாளி நீ இல்லை, பாதரசம்’ என்று ஒருவன் சொன்னால் அவள் நகையைக் கழற்றிக் கொடுக்க மாட்டாளா?

பிள்ளை சென்சிடிவ். ஆகவே சட்டை லேபிளைக்கூடத் தாங்காத அந்த உடம்புக்குள் ஒரு மருந்துக் கடையையே இறக்குகிறார்கள். பி6, மக்னீசியம், ஜிங்க், மீன் எண்ணெய், வைட்டமின் ஏ, வைட்டமின் டி, பி12 ஊசி, ஏதோ ஒரு என்சைம், எதற்கோ ஒரு புரோபயாட்டிக். பி6 அளவு மீறினால் நரம்பைக் கெடுக்கும். வைட்டமின் ஏ மிஞ்சினால் கல்லீரலைப் பிடிக்கும், மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். டி கூடினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கீலேஷன் மருந்துக்கும் கண் கிடையாது. வேண்டாத உலோகத்தோடு உடம்புக்கு வேண்டிய ஜிங்க்கையும் தாமிரத்தையும் வாரிக்கொண்டு போகும். போனதை ஈடுகட்ட இன்னொரு பாட்டில். எடுக்க ஒரு பில், போட ஒரு பில். அமெரிக்காவில் 1994-ஆம் வருடச் சட்டப்படி, சப்ளிமெண்ட் விற்பவர் அது பாதுகாப்பானது என்று விற்பனைக்கு முன்னால் அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை. நம் ஊரில் சப்ளிமெண்ட்டுகள் உணவுப் பொருள் கணக்கில் வருகின்றன. பிஸ்கட்டுக்கு உள்ள அதே துறை.

இதில் ஒரு முறையின்படி மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு வேளை, இரவும் பகலுமாக மருந்து கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் இரவை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை மணிக்கு அலாரம். அம்மா எழுந்து சமையலறை விளக்கைப் போட்டு, கேப்ஸ்யூலைப் பிரித்து, தட்டில் கொட்டிய வெள்ளைத் தூளைக் கத்தி முனையால் நாலாகப் பிரிக்கிறாள். அழுகிய முட்டை நாற்றம். மாம்பழ ஜூஸில் கலக்கிறாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி, மூக்கைப் பிடித்து ஊற்றுகிறாள். பாதி துப்பிவிடுகிறது. துப்பிய பாதியில் எவ்வளவு மருந்து போயிற்று, மறுபடி கொடுக்கலாமா கூடாதா? அந்த நேரத்தில் டாக்டர் போன் எடுக்க மாட்டார். நாலரைக்கு அடுத்த அலாரம்.

காலையில் பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறது, சாப்பிட மறுக்கிறது. கவலைப்படாதீர்கள், அதற்கும் பதில் தயார்: “டை-ஆஃப்ம்மா. உள்ளே இருக்கிற கெட்டது சாகுது. நல்ல அறிகுறி.” பிள்ளை தேறினால் மருந்து வேலை செய்கிறது, மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் டோஸ் பத்தவில்லை. இப்படி ஒரு வசதி இதய நோய் நிபுணருக்கு உண்டா?

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு டாக்டரின் கிளினிக்கில் நரம்பு வழியாகக் கீலேஷன் மருந்து ஏற்றினார்கள். ஆட்டிசத்தைப் போக்கத்தான். பிரிட்டனிலிருந்து இதற்காகவே கடல் தாண்டி வந்த குடும்பம். ஏற்றியது டைசோடியம் ஈடிடிஏ. அது ஈயத்தை விட்டுவிட்டு ரத்தத்தின் கால்சியத்தைக் கவ்வியது. கால்சியம் இறங்கினால் இதயம் நிற்கும். நின்றது. அதே வருடம் டெக்சஸில், உண்மையிலேயே ஈயம் ஏறியிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே இதே மருந்து மாற்றிக் கொடுக்கப்பட்டது, அதுவும் இறந்தது. பென்சில்வேனியா டாக்டர் மீது வழக்குப் போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். அவருடைய லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. நம் ஊரில் ரேஷன் கடைக்காரர் எடையில் கை வைத்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

அதற்குப் பிறகு கீலேஷன் வியாபாரிகள் எடுத்த தற்காப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. “மருந்து மாறிப்போச்சு சார். கால்சியம் சேர்த்த ஈடிடிஏ போட வேண்டியது. பேர் ஒரே மாதிரி இருக்கு, குழப்பம். மற்றபடி கீலேஷன் பாதுகாப்பானது.” மருந்து மாறியது உண்மை. ஆனால் ‘சரியான’ மருந்தாவது அந்தப் பிள்ளைக்கு எதற்கு? ஆட்டிசத்துக்கும் அதற்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று அமெரிக்க அரசின் தேசிய மனநல ஆய்வு நிறுவனமே ஒரு சோதனைக்குத் திட்டமிட்டது. அதற்குள் 2007-இல் கார்னெல் பல்கலைக்கழக எலி ஆய்வு வெளிவந்தது. ஈயம் ஏறிய எலிகளுக்கு டிஎம்எஸ்ஏ கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஈயமே ஏறாத எலிகளுக்குக் கொடுத்தபோது கற்கும் திறனும் உணர்ச்சிக் கட்டுப்பாடும் கெட்டன, அந்தக் கேடு நீடித்தது. 2008-இல் சோதனையைக் கைவிட்டார்கள். பிள்ளைகளிடம் பரிசோதிப்பது அபாயம் என்று அரசே பின்வாங்கியதை, ஏ.சி. அறையில் தினம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே அதற்குப் பெயர் பரிசோதனை இல்லை, பேக்கேஜ். 2010 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கீலேஷன் சரக்கு விற்ற எட்டு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே வருடம்தான் தடுப்பூசியால் ஆட்டிசம் என்று கிளப்பிவிட்ட வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் திரும்பப் பெற்றது. வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழி சுமந்த, பாதரசம் கலந்த தைமெரோசால் என்ற பதனப் பொருளைப் பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகளிலிருந்து 2001 வாக்கில் அமெரிக்கா ஏறக்குறைய முற்றிலும் எடுத்துவிட்டது. ஆட்டிசக் கணக்கு இறங்கவில்லை. பாதரசம் போய்விட்டது, பாதரச வியாபாரம் போகவில்லை.

பெற்றோரை முட்டாள் என்று திட்டுகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளட்டும். திருநெல்வேலிக்காரர் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டிலுள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு வர ராத்திரி ரயில் ஏற வேண்டும், வேலைக்கு லீவு சொல்ல வேண்டும். பேச்சுத் தெரபிக்குக் காத்திருக்க வேண்டும், பள்ளியில் சேர்க்கக் கெஞ்ச வேண்டும். ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்து 2016-இல் சட்டம் வந்தது; சட்டத்தைக் காட்டினால் ஸ்கூல் பிரின்சிபால் சிரிக்கிறார். அரசு காத்திருக்கச் சொல்லும் இடத்தில், உடனே அப்பாயின்ட்மென்ட் தருகிறவன் தெய்வமாகிவிடுகிறான்.

நிஜமாகவே ஈயம் ஏறிய பிள்ளைகள் இல்லாமலா? இந்தியாவில் 27.5 கோடி பிள்ளைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக 2020-இல் யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் கணக்குச் சொன்னார்கள். பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் பட்டறைப் பக்கம், உதிரும் பெயிண்ட்டில், நிறத்துக்காக ஈயக் குரோமேட் தூவிய மஞ்சள் தூளில் இருக்கிறது அது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு அசல் வெள்ளீயம்தானா என்று கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது பட்டறையை மூடுவதும், மஞ்சளைச் சோதிப்பதும், வயிற்றுக்கு நல்ல சோறும். டிஎம்எஸ்ஏ மருந்தை 1991-இல் எஃப்டிஏ அனுமதித்தது 45 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறிய குழந்தைகளுக்கு. பட்டறைச் சிறுவனைத் தேடி எந்தப் பயோமெடிக்கல் நிபுணரும் மூன்று வண்ணப் பட்டையோடு போனதாகத் தெரியவில்லை. அவன் அப்பாவிடம் கிரெடிட் கார்டு இல்லை.

அந்தக் கதவுக்குள் போய்த்தான் தீருவீர்கள் என்றால், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: மருந்து எதுவும் கொடுக்காமல், கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் என் பிள்ளைக்கு ஈயம் எவ்வளவு? 45-க்குக் கீழே என்றால் இந்த கேப்ஸ்யூல் எதற்கு? “நீங்க நெகட்டிவ்வா யோசிக்கிறீங்க சார்” என்பார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள்.