மீட்டமைப்பு இலக்கணம்: வீட்டுப் பெரியவரின் கைப்பேசியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நுதலிய பொருள்

தமிழில் யாப்புக்கு இலக்கணம் உண்டு, அணிக்கு உண்டு, பாட்டியலுக்குக்கூட உண்டு. ஆனால் பொங்கல் விடுமுறைக்கு வந்த பேரன் கையில் தாத்தா தம் கைப்பேசியைத் திணித்து, "இது என்னமோ பண்ணுதுடா, என்னன்னு பாரு" என்று சொல்லும் நிகழ்வுக்கு இலக்கணம் இல்லை. அக்குறை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது.

இத்துறையின் முன்னோடிகளான மூத்த மருமகன், எதிர்வீட்டு பாலிடெக்னிக் மாணவன், ரீசார்ஜ் கடைக்காரர் ஆகிய மூவரும் ஒரு கருதுகோளில் உடன்படுகின்றனர்: வயதானவர்கள் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஒன்றை மறக்க வேண்டுமானால் முதலில் அது தெரிந்திருக்க வேண்டும். சான்று வருமாறு:

"தாத்தா, ஜிமெயில் பாஸ்வேர்ட் என்ன?"

"நான் என்னத்தடா கண்டேன்? போன் வாங்குனப்ப உங்கப்பன்தான் ஏதோ தட்டுனான்."

துபாயில் இருக்கும் அப்பனைக் கேட்டால், "அம்மா பொறந்த வருஷம்னு நினைக்கிறேன், இல்லேன்னா பழைய ஸ்கூட்டர் நம்பரா இருக்கும்" என்கிறார். ஆக, மறந்தவர் ஒருவர். பழி சுமப்பவர் இன்னொருவர்.

2. எழுத்து

பாஸ்வேர்ட் அறியப்பட்ட வீடுகளில் அது எழுதப்படும் இடங்கள் நான்கு: தினசரி காலண்டரின் பின் அட்டை, கேஸ் புத்தகம், போன் உறைக்குள் மடித்த துண்டுச்சீட்டு, பூஜை அறைப் படத்தின் பின்புறம். இதைக் கண்டு இளைய தலைமுறை தலையில் அடித்துக்கொள்கிறது. ஆய்வாளர் அடித்துக்கொள்ளவில்லை. எம்.ஐ.டி.யில் கணினிக்கு முதன்முதலாகக் கடவுச்சொல் வைத்த காலத்திலேயே, 1962-இல், ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் கூடுதல் கணினி நேரம் வேண்டி, எல்லோருடைய கடவுச்சொற்களையும் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டார். படித்தவர்கள் கட்டிய பூட்டு அவ்வளவுதான். பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து வை, அடிக்கடி மாற்று என்று 2003-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட்டுக்காக விதி எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்குத் தாம் வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்த விதிகளைத் தளர்த்தியது. எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு பீரோவுக்குள் இருக்கும் நோட்டுப் புத்தகம் எட்டாது. எனவே நீளமான, நினைவில் நிற்கும் ஒரு தொடரை நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தல் ஏற்புடைத்து. ஏ.டி.எம். கார்டும் அதன் பின் நம்பரும் ஒரே பர்ஸில் குடியிருத்தல் மட்டும் விலக்கு.

எழுதியதைத் திரும்பத் தட்டுவதிலும் வழுக்கள் உள. பால்பாயிண்ட் பேனாவில் சுழியமும் 'ஓ'வும் ஒன்றே. கீபோர்டு சில வேளை கேளாமலேயே முதல் எழுத்தைப் பெரிதாக்கும். சில வேளை சொல் முடிந்ததும் ஓர் இடைவெளியைச் சேர்க்கும். தட்டியதெல்லாம் புள்ளியாக மறைவதால் தவறு கண்ணில் படாது. பக்கத்தில் இருக்கும் கண் படத்தைத் தொட்டால் எழுத்து தெரியும் என்பதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வழக்குகள் தள்ளுபடியாகும்.

3. வினை

வினை மூவகைப்படும். போனை அணைத்துப் போடுதல். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுதல். போனையே துடைத்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட். முதல் வினையில் தீரும் நோய்க்கு மூன்றாம் வினையைச் செய்வதே ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவரின் இயல்பு.

அதன் பயன் கொடிது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தித் துடைத்த போன், எழுந்ததும் பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். ஐபோனில் 2013 முதலே இத்தகைய பூட்டு உண்டு. திருடனைத் தடுக்க வைத்த ஏற்பாடு, அகப்பட்டுக்கொள்வது தாத்தா. ஆகவே முறை இது: முதலில் கணக்கின் பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று பார்த்தல், நம்பர்களும் போட்டோக்களும் வாட்ஸ்அப்பும் பேக்கப் ஆகியிருப்பதை உறுதிசெய்தல், பிறகு செட்டிங்ஸில் கணக்கை நீக்குதல், கடைசியில்தான் ரீசெட்.

4. சார்பு

ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றப் போனால், போன் நம்பருக்குக் குறியெண் அனுப்பியிருக்கிறேன் என்கிறது. அந்த நம்பரோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இரண்டாவது சிம். நிறுத்தப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம். குறியெண்ணும் அவரிடமே போகும். மாற்று மின்னஞ்சல் உண்டா என்றால், மகன் என்றோ விட்டு வந்த அலுவலகத்தின் முகவரி. அந்தக் கணக்கைத் திறக்க மகனுக்கும் வழியில்லை. சார்ந்து நின்ற இரண்டு வழிகளும் அடைபட்டன.

பரிகாரம், கணக்கு நன்றாக இருக்கும்போதே செய்யத்தக்கது. மீட்பு நம்பரைப் புதுப்பித்தல் ஒன்று. கூகுள் தரும் 8 இலக்க பேக்கப் குறியெண்கள் 10-ஐயும் அச்சடித்து எல்.ஐ.சி. பத்திரத்தோடு வைத்தல் மற்றொன்று. வாட்ஸ்அப்பின் 6 இலக்க பின்னுக்கு மின்னஞ்சல் ஒன்றை இணைத்தல் மூன்றாவது. இணைக்காமல் மறந்தவர் 7 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் குடும்பக் குழுவில் காலை வணக்கம் வராவிட்டால் என்னென்ன வதந்தி கிளம்பும் என்பது தனி ஆய்வுக்குரியது.

5. வேற்றுமை

உதவுபவனும் மோசடிக்காரனும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "கவலைப்படாதீங்க சார், நான் சரி பண்ணித் தர்றேன்." வேறுபாடு அறியும் குறிகள் இவை. மோசடிக்காரன் ஓ.டி.பி. கேட்பான்; திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வான்; பணம் வருவதற்கே யு.பி.ஐ. பின் போடச் சொல்வான். பணம் பெற பின் தேவையே இல்லை. இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் நம்பர் போலியாகவும் இருக்கும், ஏ.டி.எம். கார்டின் பின்னால் அச்சிட்டிருப்பதே நம்பத்தக்கது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தல் வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, போன பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

6. புறனடை

மேற்கூறிய எல்லாக் குற்றங்களுக்கும் மூலம், "குடுங்க, நானே போட்டுடறேன்" என்னும் தொடர். போன் கை மாறிய கணத்திலேயே பாஸ்வேர்டும் கை மாறிவிடுகிறது. போன் அவர் கையில் இருக்க, தட்டுவது அவர் விரலாக இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுதலே உதவி. விரல் அழுந்தி வேறொரு பட்டியல் திறக்கும். மேலே எட்டிப் பார்த்த ஓ.டி.பி. படிப்பதற்குள் ஒளிந்துகொள்ளும், காபி இரண்டு தரம் ஆறும். பொறுத்தல் கடன்.

உதவியவர் தேறினாரா என்பதை அறியும் தேர்வு ஒன்றே. அனைத்தையும் கற்பித்து முடித்தபின் ஆய்வாளர், "பாட்டி, இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்க, சரியான்னு பார்க்கிறேன்" என்று கேட்டார். பாட்டி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே? போடா அந்தப் பக்கம்" என்றார். ஆய்வு ஏற்கப்பட்டது.