கூலிங் இல்லாத காலத்து பீர்

துர்னே, பெல்ஜியம்
ஏப்ரல் கடைசி

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் இந்த முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர் விட்டுவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ஸ்வெட்டர் போடாமல் வெளியே போவதில்லை. அத்தைக்கு அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு. இங்கே வசந்தம் வந்துவிட்டதாக நாட்காட்டி சொல்கிறது. வானம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் ஆலங்கட்டி, சாயங்காலம் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் வெயில். 12 டிகிரியைத் தொட்டால் போதும், கொளுத்துகிறது என்று ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கஃபே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. நடுவில் குரங்குக் குல்லா போட்டவன் ஒருவன் இருப்பான். உங்கள் மருமகன்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். காலமெல்லாம் உருளைக்கிழங்கும் சர்க்கரைக் கிழங்கும் போட்டு ஓய்ந்த விவசாயி. அவருக்கு இங்கிலீஷ் வராது, என் பிரெஞ்சு மளிகைக் கடையைத் தாண்டாது. ஆனாலும் மணிக்கணக்காகப் பேசுகிறோம். மழை ஏமாற்றியது, உரவிலை ஏறியது, வாங்க வருகிறவன் அடிமாட்டு விலை கேட்கிறான்: விவசாயி குறைப்படுவதைப் புரிந்துகொள்ள எனக்கு மொழி எதற்கு மாமா? சின்ன வயதிலிருந்து உங்களிடம் கேட்டதுதானே. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கஃபேக்கு இழுத்துக்கொண்டு போய் 'சேஸோன்' என்ற பீரைச் சொன்னார்.

டாஸ்மாக் ஜன்னலில் கையை நீட்டி "கூலிங் இருக்கா?" என்று கேட்பதோடு நம் பீர் ஞானம் முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு பீருக்கும் ஒரு கிளாஸ் உண்டு. வேறு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. கடைக்காரப் பெண் அதைத் தேடி எடுத்துவரும் வரை பெரியவர் பாட்டிலைத் தொடவே இல்லை. பாட்டிலுக்கு மூடி கிடையாது, கார்க். அதன் தலையில் கம்பிக் கட்டு. கம்பியை முறுக்கி எடுத்து, கட்டைவிரலால் லேசாக நெம்பினார், டப்பென்று ஒரு சத்தம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளாஸில் பாதி நுரை, கீழே வைக்கோல் நிறத்தில் லேசாகக் கலங்கிய பீர். மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோல் வாசனை. வாயில் வைத்தால் இனிப்பு என்பதே இல்லை. மிளகு போடாமலே ஒரு மிளகுக் காரம், கடைசியில் நாக்கை வறட்டிவிட்டுப் போகிற கசப்பு. அடுத்த வாய் தானாகக் கேட்கிறது. நான் குல்லாவைக் கழற்றிவிட்டேன்.

இந்த பீரின் பூர்வீகமே எங்கள் மாகாணம் எய்னோதான். வலோனியா என்கிற பிரெஞ்சுப் பக்கம். குளிர்பதனம் இல்லாத காலத்தில் கோடையில் பீர் காய்ச்சினால் கெட்டுப்போகும். அதனால் பண்ணைக்காரர்கள் குளிர்காலத்தில் தொடங்கி வசந்தம் எட்டிப்பார்க்கும் வரை காய்ச்சி, கோடை வேலைக்காகச் சேர்த்து வைத்தார்கள். பனியில் வயல் வேலை இல்லாத ஆட்களுக்கு இதனால் கூலி கிடைத்தது. சக்கையை மாடு தின்றது. கோடையில் வயலுக்கு வந்த ஆட்கள் பீரைக் குடித்தார்கள். எதுவும் வீணில்லை பாருங்கள். அறுவடையில் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டராம், பெரியவர் கையை விரித்துக் காட்டினார். அந்தக் காலத்தில் லேசாகத்தான் காய்ச்சுவார்கள், இப்போதுதான் 6.5 சதவீதம், அதற்கு மேலும்கூடப் போகிறது. எதற்கும் நடவுக்கு வரும் ஆட்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவைக்காதீர்கள்.

நாங்கள் குடித்தது டூப்போன் மதுவடிப்பாலையின் பீர். லோஸ் பக்கத்தில் தூர்ப் என்று ஒரு கிராமம், அங்கே 1844-லிருந்து காய்ச்சுகிறார்கள். 1920-இல் இது கைமாறிய கதையைக் கேளுங்கள். அல்ஃபிரட் டூப்போன் என்பவருக்கு லூயி என்று ஒரு மகன். விவசாயம் படித்தவன். கனடாவில் பண்ணை வாங்கப் போகிறேன் என்று மூட்டை கட்டினான். அப்பா சண்டை போடவில்லை, சாமியாடவில்லை. தூர்ப் பண்ணையை மதுவடிப்பாலையோடு விலைக்கு வாங்கி, இதைப் பார்த்துக்கொள் என்று கையில் கொடுத்துவிட்டார். பையன் கனடாவை மறந்தான். நான் கிளம்பும்போது என் அப்பா என்ன கொடுத்தார்? ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். பிறகு எப்படி நிற்பேன்?

அந்தக் குடும்பத்தில் பின்னாளில் ஆலையை நடத்திய மார்க் ரோசியேவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தது அவருடைய மருமகன் ஒலிவியே டெடேக்கர். இந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் மாமா. உங்கள் ஆற்றங்கரை வயலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஈஸ்ட்தான். பல பீர் ஈஸ்ட்டுகள் 20 டிகிரி பக்கத்தில் சுகமாக வேலை செய்யும். டூப்போன் ஈஸ்ட்டுக்கு 30-க்கு மேல் வேண்டும். 35 வரைகூடச் சளைக்காது. அந்தச் சூட்டில் சர்க்கரையைக் கிட்டத்தட்டச் சுரண்டித் தின்றுவிடுவதால்தான் பீரில் இனிப்பு மிஞ்சுவதில்லை. பாட்டிலில் அடைத்த பிறகும் வெதுவெதுப்பான அறையில் படுக்கவைத்துச் சில வாரம் மறுபடி நொதிக்க விடுகிறார்கள். பெல்ஜியத்தில் பங்குனி வெயிலுக்கு ஏங்கும் ஜீவன்கள் இரண்டே. ஒன்று இது, இன்னொன்று நான். அதற்காவது தனி அறை கொடுத்துச் சூடேற்றுகிறார்கள், என் வீட்டு ஹீட்டரை உரிமையாளர் ஏப்ரல் பிறந்ததுமே அணைத்துவிட்டார்.

சைக்கிளில் போகும் தூரத்தில் பிபே என்ற கிராமம். அங்கே இன்னும் நீராவியில் ஓடும் மதுவடிப்பாலை ஒன்று இருக்கிறது. 1895-ஆம் வருஷத்து எஞ்சின். ஜான் லூயி டிட்ஸ் என்பவர் 1984-இல் வாங்கி உயிர் கொடுத்தார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காய்ச்சும்போது யாரும் போய்ப் பார்க்கலாம். எஞ்சின் மூச்சுவிட, தோல்பட்டை ஓட, இரும்புத் தொட்டியில் முளைகட்டிய பார்லி சுழல்கிறது. இவர்களுடைய சேஸோனில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் போடுகிறார்கள். பாட்டி இதைக் கஷாயம் என்று சொல்லி மூக்கைப் பிடித்துப் புகட்டினாள். இவர்கள் கார்க் அடைத்துக் காசு வாங்குகிறார்கள்.

சேஸோனை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது மைக்கேல் ஜாக்சன். அவர் இல்லை மாமா. இவர் தாடி வைத்த ஆங்கிலேயப் பத்திரிகையாளர், வாழ்நாளில் பெரும்பகுதி பீரைப் பற்றி எழுதினார். அப்படியும் ஒரு உத்தியோகம் இருந்திருக்கிறது, நம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. 2016-இல் பெல்ஜியத்து பீர்க் கலாச்சாரத்தையே யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம்மூரில் தோப்புக்குள் அண்டா வைத்துக் காய்ச்சினால் யுனெஸ்கோ வருமா, யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆவணியில் வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்குச் சுங்கத்தில் 2 லிட்டர் வரை விடுவார்கள். பாட்டில் 750 மில்லி, அதனால் இரண்டு கொண்டுவருகிறேன். ஒரு நாள் முழுக்க நிற்கவைத்து, வண்டல் அடியில் இறங்கிய பிறகு திறங்கள். சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். கார்க்கை ஓட்டுக்கூரையைப் பார்த்துப் பிடிக்காதீர்கள், இப்போது ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்