தாத்தா செத்த கதை, முந்நூறு வார்த்தைக்குள்

என் அக்கா மகள் பிசியோதெரபி படித்தவள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் பிறத்தியார் முட்டியை மடக்கி நீட்டினாள். மடக்குகிறவளைவிட அதற்குப் பில் போடுகிறவனுக்குச் சம்பளம் அதிகம் என்று கண்டுபிடித்த அன்றே ஞானம் பிறந்துவிட்டது. மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படிக்கப் போகிறாளாம். மும்பைக்கு ஒரு விண்ணப்பம், ஜெய்ப்பூருக்கு ஒன்று, இரண்டும் கைவிட்டால் டான்செட் எழுதி உள்ளூரில் ஒரு எம்.பி.ஏ.

"மாமா, நீங்க எழுதுறவர்தானே, இந்த எஸ்.ஓ.பி.யைக் கொஞ்சம் பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். எதற்காக இந்தப் படிப்புக்கு வருகிறாய் என்று கல்லூரி கேட்கும். அதற்கு முந்நூறு வார்த்தையில் ஆங்கிலத்தில் பொய் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் எஸ்.ஓ.பி.

முதல் வரியிலேயே 'சேவை' வந்துவிட்டது. இரண்டாவது பத்தியில் தாத்தா செத்துப்போனார். ஆம்புலன்ஸ் தாமதமாக வந்ததாம், நிர்வாகம் சரியில்லையாம், அந்த நொடியே இவள் முடிவெடுத்துவிட்டாளாம். இந்தப் படிப்புக்கு மனுப்போடுகிற வீடுகளில் தாத்தாக்கள் உயிரோடு இருப்பதில்லை. தப்பித்தவறி இருந்தால் பாட்டியைக் கொன்றுவிடுகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் இந்தத் தாத்தா என் அப்பா.

"ஏம்மா, 108 கால் மணி நேரத்துல வந்துச்சே?"

"அதை எழுதினா கதை நிக்காது மாமா."

நிற்காதுதான். நடந்த கதை வேறு. பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு உயிர் போனது. உடம்பு எங்கள் கைக்கு வரும்போது சாயங்காலம் நாலு. மருத்துவத்துக்கு வேலை முடிந்து, நிர்வாகம் வேலை பார்த்த பதினோரு மணி நேரம் அது. பார்மசி ரிட்டர்ன் வரவில்லை, இன்சூரன்ஸ் டி.பி.ஏ. அப்ரூவல் வரவில்லை, அக்கவுண்ட்ஸில் ஆள் வரவில்லை. டை கட்டிய ஒரு பையன் அரைமணிக்கு ஒருதரம் வந்து, "பிராசஸ்ல இருக்கு சார்" என்று தேன் ஒழுகச் சொன்னான். பில் கட்டாவிட்டாலும் உடலைத் தடுக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம் சொல்கிறது. அந்தச் சாசனம் அவன் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பையன் கெட்டவன் இல்லை. காபி வாங்கிக் கொடுத்தான். பதினோரு நாளில் பில்லில் ஏறாதது அந்தக் காபி ஒன்றுதான். அவனும் இந்தப் படிப்பு படித்தவன்.

என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவளிடமே கேட்டேன். ஏற்கெனவே பாதி படித்துவிட்டாள். 'ஆர்போப்' என்று ஒன்று இருக்கிறது. ஆள் படுத்திருக்கிற ஒரு படுக்கை ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு கறக்கிறது என்ற கணக்கு. பங்குச்சந்தையில் இருக்கிற மருத்துவமனைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்கின்றன. கட்டில்களைப் பற்றித்தான் பேச்சு. அதில் படுத்திருந்தவர்கள் பிழைத்தார்களா என்று அந்தக் கூட்டத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? அப்புறம் 'கன்வெர்ஷன்'. மதமாற்றம் இல்லை. வெளிநோயாளியை உள்நோயாளியாக்குவது.

இந்தக் கல்வியின் பலனை நாடு பார்த்திருக்கிறது. 2017 பிப்ரவரியில், லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு போட்டது. நாலு நாள் ஒப்பாரி. அடுத்த வருடம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் பிரித்துப் பார்த்தது. மருந்திலும் சில்லறைச் சாமான்களிலும் லாபம் 1,737 சதவீதம் வரைக்கும் போயிருந்தது. கந்துவட்டிக்காரன் கேட்டால் வெட்கப்பட்டு ஊரைவிட்டே ஓடிவிடுவான். அவனிடம் எஸ்.ஓ.பி. இல்லை, பாவம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நிர்வாகம் என்பது கெட்ட வார்த்தையா? 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு, மூலப்பெயரில் மருந்து வாங்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அதுவும் நிர்வாகம்தான். கேரளமும் ராஜஸ்தானும் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போயின. அதைப்பற்றி எழுதேன், அங்கே வேலை செய்ய ஆசை என்று எழுதேன் என்றேன்.

சிரித்தாள். "அங்க எனக்கு எந்தச் சேர் மாமா இருக்கு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. டீனும் டாக்டர், ஆர்.எம்.ஓ.வும் டாக்டர். இவளைப் போன்றவர்களுக்கு அங்கே இருப்பது ஒப்பந்தம், தொகுப்பூதியம், வருடா வருடம் நீட்டிப்பு வருமா என்று செங்கல்பட்டில் ஒருத்தி, சிவகங்கையில் ஒருத்தி காத்துக் கிடப்பது. பொதுச் சுகாதார மேலாண்மைக்குத் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கையில் அழகாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு எஸ்.ஓ.பி.தான். முட்டி மடக்கியே கல்விக்கடனைக் கட்ட முடியாத பெண்ணிடம் நான் லட்சியம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இருந்தாலும் ஆற்றாமையில், நடந்ததை நடந்தபடி நானே எழுதிக் கொடுத்தேன். ஐந்து மணி, நாலு மணி, டை, காபி, சுவரில் தொங்கிய சாசனம் எல்லாம் இருந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவளும் அன்றைக்கு அந்த வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தானே.

"நல்லா இருக்கு மாமா. நாப்பது வார்த்தை கூடிப்போச்சு."

குறைத்தாள். பில் போனது, டை போனது, சாசனம் போனது. தாத்தா செத்தது மட்டும் மிச்சம் இருந்தது. ஆம்புலன்ஸ் மறுபடி தாமதமாக வந்து சேர்ந்தது.

கடைசிப் பக்கம் கட்டணம். பணம் செலுத்தும் வரை விண்ணப்பம் எங்கள் வசமே இருக்கும், சமர்ப்பிக்கப்படாது என்று திரையில் வந்தது. சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினேன்.