உனக்க நம்பரும் அவனுக்க லாட்டரியும்

லே மக்கா, நில்லு. தலைதெறிக்க எல்லை தாண்டிப் போறியே, இஞ்சிவிளைக்குத்தானே? லாட்டரிக்காரன் எங்கயும் ஓடிட மாட்டான். 1967-ல கேரள சர்க்காரு தொடங்கின ஏவாரம், உனக்காகத்தான் இத்தனை வருசமா கடையைத் திறந்து வச்சிருக்கான்.

நீ பிறந்தது நவம்பர் 1. பைக் நம்பரு 1111. போன வாரம் பலன் பலகையிலயும் 1111. அந்தத் தேதியிலதான் 1956-ல நம்ம கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்தது, அந்தப் பக்கம் கேரளம் பிறந்தது. "இவ்வளவும் சும்மாவா பாட்டா?"ன்னு கேக்குதே. சும்மா இல்லைடே. டில்லியில போட்ட சட்டம் அமலுக்கு வந்த நாளு அது. அன்னைக்கே ஆந்திரமும் மத்தியப் பிரதேசமும் பிறந்துது. போபால்காரன் எவனும் 1111-ஐத் தேடி இஞ்சிவிளைக்கு வரல்ல. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம், இந்த நாலு தாலுகாவும் அன்னைக்கு இஞ்ச சேரல்லேன்னா, 2003-ல தமிழ்நாடு லாட்டரிய நிறுத்தினது உன்னைத் தொட்டிருக்காது. செருப்பாவது தேயாம இருந்திருக்கும்.

அந்தப் பலகையைப் பத்தி ஒரு கணக்கு கேளு. கடைசி நாலு எண்ணுக்குன்னு தெனமும் நூறு நம்பருக்கு மேல பரிசு போடுதான். நூறுன்னே வச்சுக்க. 0000-த்துல இருந்து 9999 வரைக்கும் மொத்தம் பத்தாயிரம். உனக்கு ஒரே ஒரு நம்பரு இருந்தா, அது ஒரு நாளு வரதுக்கு நூத்துல ஒரு வாய்ப்பு. உனக்கு ஒண்ணா இருக்கு? பைக், ஃபோன், ஆதார், ரேஷன் அட்டை, பிறந்த நாளு, அக்கா கல்யாண நாளு, பாறசாலைப் பிள்ளைக்க ஸ்கூட்டி... முகத்தைத் திருப்பாதே, எனக்குத் தெரியும். இருபது தேறும். அப்போ சராசரியா அஞ்சு நாளைக்கு ஒருக்க உனக்க நம்பருல ஏதோ ஒண்ணு பலகையில எட்டிப் பாக்கும். மாசக்கணக்கா ஒண்ணுமே வராம இருந்தாத்தான் நீ ஜோசியரைப் பாக்கணும்.

பனையேறிகிட்ட கேளு, காக்கா நாளு முழுக்க எத்தனை தடவை வந்து இருந்துதுன்னு. பழம் விழுந்தப்ப இருந்த காக்காவுக்குப் பழமொழி கிடைச்சுது. சும்மா இருந்துட்டுப் பறந்த காக்காவை ஆருடே கணக்குல எடுத்தான்?

அப்பூப்பன் பிறந்த தேதி 31-5-ன்னு அதுலயும் ஒரு சீட்டு எடுத்தியாமே! அந்தத் தேதி ஹெட்மாஸ்டருக்க பேனாவுல பிறந்ததுடே. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு அஞ்சு வயசு தெகையணும். அம்மைக்குத் தெரிஞ்சதெல்லாம் "கார்த்திகை மாசம், நல்ல மழை". சாரு பாத்தாரு, மே மாசத்துல ஒரு தேதியை எழுதி ஒப்புப் போட்டாரு. எனக்க வயசுக்காரனுவ ஒருபாடு பேரு மே மாசத்துல பிறந்தது இப்பிடித்தான். பரிசு விழுந்தா பாதிய சாருக்க பேரப்பிள்ளையளுக்குக் குடு.

அடையாளம்தானே வேணும்? இதைவிட முறுக்கானது நான் தாறேன். மார்த்தாண்ட வர்மா வேணாட்டுப் பட்டத்துக்கு வந்த வருசம் 1729. லண்டன்ல சீக்காக் கிடந்த ராமானுஜனைப் பாக்க ஹார்டி ஏறி வந்த டாக்சிக்க நம்பரும் 1729. சப்புன்னு ஒரு நம்பருன்னாரு அவரு. இல்லவே இல்ல, ரெண்டு கன எண்ணுக்க கூட்டுத்தொகையா ரெண்டு விதத்துல எழுத முடியுற ஆகச் சின்ன எண் இதுதான்னாரு இவரு. பத்மநாபபுரத்து ராஜாவுக்கும் லண்டன் டாக்சிக்காரனுக்கும் என்ன சொந்தம்? ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு மார்த்தாண்டம் பஸ்சுல ஏறுததுக்கு முன்ன நீ நம்பர் பலகையைத்தான் பாப்பே. இந்த 1729 இத்தனை நாளும் ரோட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. பாக்கச் சொன்னது இப்ப நான்.

சில பொருத்தத்தை மனுசனே கட்டி வைக்குதான். கன்னியாகுமரியில வள்ளுவரு பீடத்தோட 133 அடி நிக்குதது, குறளுக்கு அதிகாரம் 133-ங்கிறதால. கணபதி ஸ்தபதி அளந்து வச்சது. காந்தி மண்டபத்துல அக்டோபர் 2 மத்தியானம் அஸ்தி வச்ச இடத்துல வெயிலு விழும். அதுக்குன்னு கூரையில ஓட்டை விட்டிருக்கு. சூரியனே வந்து கும்பிடுதுன்னு நீ சொன்னா கொத்தனாரு சிரிப்பான். ஆனா நாகர்கோயில்ல இருந்து ரெண்டு தடவை பார்லிமெண்டுக்குப் போன காமராஜரு 1975-ல அதே அக்டோபர் 2-ல போயிட்டாரே, அதுக்கு ஆரும் ஓட்டை விடல்ல. அன்னைக்கு எனக்கும் மேலு சிலுத்துது, மறைக்கல்ல. சிலுத்துது, அவ்வளவுதான், நான் சீட்டு எடுக்கப் போகல்ல.

சரி, போறதுன்னா போ. 2023 திருவோணம் பம்பர்ல 25 கோடி விழுந்தது நம்ம தமிழ்நாட்டுக்காரனுவளுக்குத்தான், வாளையாறுல எடுத்த சீட்டு. வித்தது 75 லட்சத்துக்கு மேல. மத்தவனுவ எல்லாம் நம்பரு இல்லாமலா வாங்கினானுவ? விழுந்ததுலயும் ஏஜெண்டு கமிசன் பத்து சதவீதம், மிச்சத்துல வருமான வரி முப்பது. அவனுவ நாலு பேரு சேந்து எடுத்த சீட்டுடே அது. நாலு பேரு... 1111-லயும் நாலு ஒண்ணு...

கண்டியா, கண்ணு விரியுது! லே, ஓடாதே, நான் சும்மா சொன்னதுடே!