‘ஆர் இதில கை வெச்ச?’: திருத்துவேலை சாஸ்திரத்தில் ஒரு பிரவேசம்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் அதைத் தானே திருத்துவதா, கூலி கொடுத்துத் திருத்துவிப்பதா என்னும் வினாவைச் சில்லறைக் கணக்கைச் சேர்ந்த அற்ப விஷயமென்று தள்ளிவிடுவது உலக வழக்கு. இரும்பென்று பெயர் படைத்த எதனையும் மூன்று மாரி கடக்குமுன் கறளாக்கிவிடும் திருகோணமலைத் துறைமுகத்து உப்புக் காற்றின் நடுவே முப்பது ஆண்டு குடித்தனம் நடத்தியவன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு, அவ்வழக்கை இங்கு மறுக்கத் துணிகிறேன்.

பணத்தை மிச்சம் பிடிக்கவே மனிதன் குறட்டைக் கையில் எடுக்கிறான் என்பது பூர்வபட்சம். இது அனுபவத்துக்கு விரோதம். சென்ற வைகாசியில் எங்கள் குசினிக் குழாய் சொட்டத் தொடங்கியபோது அதற்கு வேண்டியிருந்தது ஒரு ரப்பர் வொஷர். அதன் விலையை எழுதினால் கட்டுரையின் கௌரவம் குறையும். அதை மாட்டும்பொருட்டு நான் வாங்கிய ஸ்பேனரும், அந்த ஸ்பேனர் முறித்த குழாய்க்கு ஈடாக வாங்கிய புதுக் குழாயும், அப்புதுக் குழாய் பொருந்த மறுத்தமையால் வாங்கிய வெள்ளை நாடாச் சுருள் இரண்டும் சேர்ந்து, சிக்கனம் என்னும் கொள்கையை அன்று பிற்பகலிலேயே நீரில் மூழ்கடித்தன. “இஞ்சேருங்கோ, பாஸைக் கூப்பிடுவமோ?” என்று மனைவி இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை. வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டுப் போனாள். திருத்துவேலை சாஸ்திரத்தில் தோல்வியின் லட்சணம் இதுவே.

கிண்ணியாவிலிருந்து வந்த பாஸ் குழாயின் முன் குந்தியிருந்து, மரை தேய்ந்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். என்ன பழுதென்று கேட்டாரில்லை. “சேர், ஆர் இதில கை வெச்ச?” என்றார்.

சைக்கிள் கடையிலும், வள்ளத்து இஞ்சின் பூட்டுபவரிடத்தும், மணிக்கூடு திருத்துபவரிடத்தும், முன்பு எந்தப் பரியாரியிடம் போனீர் என்று வினவும் டாக்டரின் அதே குரலில், இக்கேள்வி வழுவாமல் கேட்கப்படுவதை ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டும். தமிழில் செயப்பாட்டுவினை அருகியே வழங்குமென்பர் இலக்கணிகள். திருத்துவேலைக்காரர் முன்னிலையிலோ அது பெருகி வழங்குகிறது. “முந்தி ஆராலோ பார்க்கப்பட்டிருக்கு” என்று நானும் சொன்னேன். ஆகவே கூலி இருவகைத்து: பழுதுக்குரியது ஒன்று, பழுதுபார்த்த பாவத்துக்குரிய பிராயச்சித்தம் மற்றொன்று. பின்னது முன்னதை மிஞ்சுமுன் பாஸை அழைக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சிய பின்னரே அந்தக் கணம் தெரியவரும் என்பது அவ்விதியிலுள்ள சிறு குறை.

இக்குறைக்குச் சரித்திர சாட்சி கொட்டியாரக் குடாவில் உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் சிக்கிப் பாய்மரத்தைத் தாமே வெட்டியெறிய நேர்ந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், புது மரம் நாட்டுவதற்கென்றே இக்குடாவுக்கு வந்தது. 1660இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பித்தானையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் உள்ளிட்ட பதினாறு பேரைச் சிறைப்பிடித்தனர். கப்பல் போய்விட்டது, திருத்த வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பாய்மரம் நாட்ட வந்த இளைஞன் கண்டி இராச்சியத்தில் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்து, பத்தொன்பது ஆண்டு கழித்து, 1679இல் அரிப்புக்குத் தப்பியோடினான். மூதூரில் அவர்கள் அகப்பட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் பிற்காலத்தார் ஒரு கல் நட்டனர். எங்கள் குசினியில் இன்னும் எவரும் கல் நடவில்லை.

அப்படியாயின் எடுத்த எடுப்பிலேயே தேர்ந்தவர் கையில் ஒப்படைத்துவிடலாமே என்பார்க்கு விடை, அக்குடாவை அடுத்த துறைமுகத்திலேயே இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி, முப்பதாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட ‘வேலியன்ற்’ போர்க்கப்பலை மிதக்கும் துறையொன்று தாங்கி உயர்த்திக்கொண்டிருந்தது. தொட்டிகளின் நீரை இறைத்த முறை கப்பலின் பாரத்துக்குப் பொருந்தாமையால், துறை முதுகு முறிந்து மூழ்கிற்று. திருத்தப்படும் பொருளைக் காட்டிலும் திருத்தும் கருவி முதலில் அழிந்த இவ்வபூர்வத்தை என் ஸ்பேனரும் கண்டதில்லை. உட்பக்கத்து விசிறிகள் இரண்டும் இறுகிப்போன கப்பல் சுயஸ் வரை போய்த் தரைதட்டியது. அங்கே சுழியோடிகள் அவற்றை அறுத்துக் கடலடியில் விட்டனர். குறைந்த உறுப்புக்களோடு அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

பாஸ் வேலை முடித்து எழுந்தபோது தரையில் ஒரு பித்தளை வளையம் கிடந்தது. அது எந்த இடத்துக்குரியதென்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. அவர் கூலியை எண்ணிச் சட்டைப் பையில் வைத்தார். நான் வளையத்தை நெருப்புப் பெட்டியிலிட்டு அலுமாரியில் வைத்தேன். குழாய் இதுவரை சொட்டவில்லை.