வால்பெட்டி புராணம்

திருமானூருக்கு ரயில் வராததில் ஒரு வசதி உண்டு. ரயில்வே புராணத்தைத் தாட்சண்யம் பார்க்காமல் பாடலாம். கொள்ளிடம் தாண்டித் தெற்கே போனால் தஞ்சாவூர் மெயின் லைன். வடக்கே போனால் அரியலூர் கார்டு லைன். இத்தாலியிலிருந்து வீரமாமுனிவரே 18ஆம் நூற்றாண்டில் பக்கத்து ஏலாக்குறிச்சிக்கு வழி கேட்டு வந்து சேர்ந்தார். அரியலூரில் நிற்கும் ரயிலுக்குத்தான் வழி தெரியவில்லை.

இந்தப் பக்கத்துக்கு முதலில் தண்டவாளம் கொண்டுவந்தது 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' ரயில்வே. ரயில் சின்னது, பேர் பெரிசு. நாகப்பட்டினத்தில் கிளம்பி 1862இல் திருச்சியைத் தொட்டது. போட்டது அகலப்பாதை. பிறகு துரைமார்களுக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. 1874இல் கர்நாடிக் ரயில்வேயைக் கட்டிக்கொண்டு 'சவுத் இந்தியன் ரயில்வே' ஆன கையோடு, போட்ட பாதையைச் சுருக்கி மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அதில் குலுங்கிய பிறகு, 1990களில் தொடங்கி அதையே திரும்ப அகலமாக்கினோம், அதுவும் விழா எடுத்து! துரை சும்மா இருந்திருந்தால் ஒரு ரிப்பன் செலவாவது மிச்சம்.

ஆற்றுக்கு அந்தண்டை தஞ்சாவூர்க்காரர்கள் கெட்டி. ஜில்லா போர்டே செஸ் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் சொந்த ரயில் விட்டது. சொந்தம் என்றால் தண்டவாளம் மட்டும் சொந்தம்; ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. 1926இல் வந்த மாயவரம்–தரங்கம்பாடி ரயில் 1980களில் மூட்டை கட்டியது. கம்பெனியும் தப்பவில்லை: 1944இல் சர்க்கார் கைக்குப் போய், 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேக்குள் கரைந்தது.

இத்தனை முதலாளி மாறியும் அசையாமல் இருந்தவர் ஒருவர்தான்: கடைசிப் பெட்டி கார்டு. (இவர் வேறு கார்டு, லைனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கூட்ஸ் ரயிலில் முழு நீளத்துக்கும் பிரேக் பிடிக்காத காலத்தில் இஞ்சின் டிரைவர் விசில் ஊதுவார், பின்னால் இவர் சக்கரத்தைத் திருகி வண்டியை இழுத்துப் பிடிப்பார். நடுவில் கொக்கி அறுந்தால் பிரிந்துபோன பாதி இவர் பொறுப்பு. கொடி, விளக்கு, ஆபத்துக்குத் தண்டவாளத்தில் வைக்கும் வெடி எல்லாம் ஓர் இரும்புப் பெட்டியில். அதைத் தூக்க ஒரு தனி ஆள்.

அமெரிக்காவில் இதே வால்பெட்டிக்குள் அடுப்பு, கட்டில், கூரைமேல் எட்டிப்பார்க்க ஒரு மாடம்கூட உண்டு. நம் கூட்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மின்விசிறி கிடையாது, கக்கூஸ் கிடையாது. அரியலூர் சிமெண்ட் வண்டி லூப் லைனில் எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி நிற்கும்போது, சித்திரை வெயிலில் அந்த டப்பாவுக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் பொறுமை என்ன விலை என்று தெரியும். ஆனாலும் அந்த வாலில் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிகிள்) பலகை தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டருக்கே மூச்சு வரும். பலகை இல்லையென்றால் ரயிலில் பாதி வழியில் எங்கேயோ நிற்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்காக்காரன் 1980களிலேயே கடைசிப் பெட்டியில் ஒரு மின்னணுக் கருவியை மாட்டிவிட்டு, அடுப்பு கட்டிலோடு ஆளையும் இறக்கிவிட்டான். அந்தக் கருவி இங்கேயும் வந்து, கார்டு இல்லாமல் கூட்ஸ் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்காகக் கார்டை ரயில்வே கைவிட்டுவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது. 2022 ஜனவரியிலேயே அவருக்குப் பதவிப் பெயர் உயர்த்தியாகிவிட்டது: 'டிரெயின் மேனேஜர்'. மின்விசிறி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.