ஏழு உச்சி, ஒரு பகல்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வொயிட் மலைகளின் ‘ப்ரெசிடென்ஷியல்’ தொடரை ஜூன் மாதத்து ஒரே பகலில் தனியாக நடந்து முடித்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஏழுமலையானே ஏழு மலைக்கும் சேர்த்து ஒரே கோயிலோடு நிறுத்திக்கொண்டார். உங்களுக்கு மட்டும் எதற்கு ஒரே நாளில் ஏழு உச்சி? (கோவை வாசகர்)

பதில்: திருமலையில் ஏழு மலை என்றாலும் பக்தருக்கு ஏற்றம் ஒன்றுதானே? இங்கும் அப்படித்தான். மேடிசன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டன், மன்றோ, ஐசன்ஹோவர், பியர்ஸ் என்று ஏழு பெயர் இருந்தாலும் எல்லாம் ஒரே முகட்டின் முடிச்சுகள். விடிவதற்குள் தொடங்கி மேடிசன் வரை ஒரு மூச்சு ஏறிவிட்டால், அதன் பிறகு அடிவாரத்துக்கு இறங்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு உச்சிக்கும் நடுவே முகடு பள்ளமாகத் தாழும், மறுபடி எழும். அந்தச் சின்னச் சின்ன ஏற்றங்களைக் கூட்டினால் நாள் முடிவில் கால் ஏறியது சுமார் 2,700 மீட்டர். தூரம் 30 கிலோமீட்டருக்கு மேல். அதில் பாதி, பாதை என்று சொல்ல முடியாத பாறைக் குவியல். ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தொட்டபெட்டா 2,637 மீட்டர். உங்கள் வாஷிங்டன் 1,917 மீட்டர்தான். நாங்கள் காரிலேயே போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருகிறோம். இதற்கா இவ்வளவு அலட்டல்? (உதகை வாசகர்)

பதில்: வாஷிங்டன் உச்சிக்கும் கார் போகும், 1861 முதல் வண்டிச்சாலை இருக்கிறது. 1869 முதல் பல்சக்கர ரயிலும் ஏறுகிறது. மலையைப் பல்சக்கரத்தால் ஏறிய ரயில்களில் உலகத்துக்கே அதுதான் முதல். உயரத்திலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொட்டபெட்டா உச்சிக்குப் பக்கத்திலும் மரம் நிற்கிறது. இங்கே 1,400, 1,500 மீட்டரிலேயே மரம் முடிந்துவிடுகிறது. முதலில் ஆள் உயரம், பிறகு இடுப்புயரம், பிறகு கணுக்காலளவில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஃபிர் மரங்கள். அதற்கு மேல் பாசி படிந்த கல் மட்டும். காரணம் காற்று. நிலநடுக்கோட்டிலிருந்து 44 டிகிரி வடக்கே, புயல்கள் வந்து கூடும் இடத்தில், மேற்குக் காற்றுக்குக் குறுக்கே சுவராக நிற்கிறது இந்த முகடு. 1934 ஏப்ரல் 12 அன்று உச்சியிலிருந்த வானிலையாளர்கள் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தை அளந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது உலக சாதனை. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 1996-ல் ஒரு சூறாவளிதான் அதை முறியடித்தது. உச்சியிலிருந்த பழைய கட்டடத்தைச் சங்கிலி போட்டுப் பாறையோடு கட்டி வைத்திருந்தார்கள். பஜ்ஜிக் கடைக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

கேள்வி: என் மகன் பாஸ்டனில் வேலை பார்க்கிறான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தானும் தனியாகப் போகிறேன் என்கிறான். ராத்திரி தூக்கம் வரவில்லை. போகாதே என்று நீங்களே எழுதக் கூடாதா? (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போகாதே என்று எழுத மனம் வரவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று எழுதுகிறேன். இதை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

1855 செப்டம்பரில் லிஸி போர்ன் என்ற 23 வயதுப் பெண் வாஷிங்டன் உச்சிக்கு நடந்தார். அவர் தனியாகப் போகவில்லை, அப்பாவின் சகோதரரும் அவர் மகளும் கூட இருந்தார்கள். ஆனால் புறப்பட்டது மதியத்துக்கு மேல். வழியிலேயே இருட்டி, மூடுபனியும் காற்றும் சூழ்ந்து, அந்த இரவில் அவர் இறந்தார். விடிந்து பார்த்தால் உச்சியிலிருந்த விடுதி கூப்பிடு தூரம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த மலையில் துணை இல்லாததைவிட நேரம் இல்லாததுதான் பெரிய ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் மகன் ஜூன் கடைசியில் போகட்டும். அப்போது காலை ஐந்து மணிக்கு விடிந்து இரவு எட்டரைக்குத்தான் பொழுது சாயும். நெற்றி விளக்கோடு நான்கு மணிக்கே நடையைத் தொடங்கட்டும். வடக்கிலிருந்து தெற்காகப் போகட்டும். கடுமையான ஏற்றமும் மோசமான பாறையும் வடக்கில்தான், உடம்பில் தெம்பு இருக்கும்போதே அவை முடிந்துவிடும். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். அந்த நேரத்துக்குத் தெற்குக் கோடியில், பியர்ஸ் பக்கத்து மரங்களை நெருங்கியிருக்கலாம். வாஷிங்டன் உச்சியிலுள்ள வானிலை ஆய்வு நிலையம் தினமும் மேல்மலைக்கென்று தனியாக முன்னறிவிப்பு தருகிறது. கீழே ஊரில் வெயிலடிக்கிறது என்று நம்பிப் போகக் கூடாது. வாஷிங்டன் உச்சியில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பமே 22 டிகிரிப் பக்கம்தான். ஜூலையிலும் கம்பளிக் குல்லாயும் மழைச்சட்டையும் பையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எங்கெங்கே இறங்கலாம் என்பதை ஏறும் முன்பே மனப்பாடம் செய்யட்டும். நான் முதல் தடவை போனபோது ஆடம்ஸ் பக்கத்தில் ‘இடிமழைச் சந்தி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட பெரிய கற்குவியல் வரைதான் போனேன். மேற்கே மேகம் கறுத்தது. வழிகாட்டும் அடுத்த கற்குவியல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே திரும்பி, மேடிசன் குடிலுக்கு வந்து, வேலி வே என்ற காட்டுப் பாதை வழியே இறங்கிவிட்டேன். பாதி வழியில் தலைக்கு மேல் இடி. மரங்களுக்கு நடுவே நனைந்தபடி நடந்த அந்த இரண்டு மணி நேரத்தை, ஏழு உச்சியும் முடித்த நாளைவிட அதிகமாக மதிக்கிறேன். தனியாகப் போகிறவனுக்குப் ‘போதும், திரும்பு’ என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளத் தெரிந்தவனாக நீங்கள் மகனை வளர்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் இறங்குவேன் என்பதையும் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் ஜனாதிபதிகள் பெயர்தானா? (மதுரை வாசகர்)

பதில்: நான் நடந்த ஏழும் ஆம். ஆனால் தொடரில் வேறு உச்சிகளும் உண்டு. ஜெஃபர்சனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையிலுள்ள கிளே, ஜனாதிபதித் தேர்தலில் மூன்று முறை நின்று தோற்றவர். தெற்கேயுள்ள ஜாக்சன், ஜனாதிபதி ஜாக்சன் அல்ல, ஒரு நிலவியலாளர். 1820-ல் பெயர் வைத்தவர்கள் பதவி வரிசையையும் உயர வரிசையையும் பொருத்தப் பார்த்தார்கள். முதல் மூன்று சரியாக அமைந்தன. பின்னால் அளந்தபோது நான்காம் ஜனாதிபதி மேடிசனைவிட ஐந்தாமவர் மன்றோ ஒரு மீட்டரோ இரண்டோ கூடுதல் என்று தெரிந்தது. 1820-ல் பதவியில் இருந்தவரும் மன்றோதான்!

கேள்வி: சாப்பாடு? (கும்பகோணம் வாசகி)

பதில்: புளியோதரை. கெடாது, சிந்தாது, உப்பும் உண்டு. கூடவே கடலை மிட்டாய். தண்ணீருக்கு வழியில் மலைக்குடில்கள் இருக்கின்றன. மேடிசன் குடில் 1888-லிருந்து நடப்பவர்களுக்கு இடம் தருகிறது.

கேள்வி: மூச்சு வாங்க ஏறிப்போனால் உச்சியில் ரயில், கார், சிற்றுண்டிச்சாலை. எரிச்சலாக இல்லையா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. ரயிலிலிருந்து ஒரு மூதாட்டியைப் பேரன் கைபிடித்து இறக்கினான். காற்றில் புடவை... மன்னிக்கவும், கோட்டுதான், படபடக்க அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்தேன். மலை அவருக்கும்தானே? பத்து நிமிடம் நடந்தால் மறுபடி அமைதி வந்துவிடும்.

கேள்வி: அந்தக் கல்லில் பூ பூக்குமா? (சேலம், கல்லூரி மாணவி)

பதில்: பூக்கும், ஜூனில். மன்றோவின் அடியிலுள்ள மேட்டுச் சமவெளியில் ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு மஞ்சள் பூ, கால் விரல் நகமளவு இருக்கும். உலகத்தில் இந்த வொயிட் மலைகளில் மட்டும்தான் வளர்கிறது. நடப்பவர்கள் மிதித்தே அழியும் நிலைக்கு வந்ததால் பாதையையே தள்ளிப் போட்டார்கள். 2002-ல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நூறாண்டுக்கு மேல் பழகிய பாதையை ஒரு நகமளவுச் செடிக்காக நகர்த்திய அந்த முடிவை நினைத்தாலே எனக்குத் தெம்பு வருகிறது. அங்கே போனால் கல்லின் மேல் மட்டும் கால் வையுங்கள்.

கேள்வி: ஏழில் எது பிடித்தது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கடைசியான பியர்ஸ். எல்லாவற்றிலும் குட்டை, 1,314 மீட்டர்தான். மன்றோவிலிருந்து அது வரை நடக்கும் கிராஃபோர்ட் பாதை 1819-ல் ஏபல் கிராஃபோர்டும் அவர் மகன் ஈதனும் வெட்டியது. அமெரிக்காவில் விடாமல் நடக்கப்பட்டு வரும் மலைப்பாதைகளில் அதுதான் மூத்தது. எழுபதைக் கடந்த வயதில், 1840-ல் ஏபல் குதிரையிலேயே வாஷிங்டன் உச்சிக்குப் போனார். மாலை ஐந்தரைக்கு நான் பியர்ஸில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது காலையிலிருந்து கடந்த முகடு முழுவதும் வளைந்து கிடந்தது. மேடிசன் மட்டும் தெரியவில்லை, முன்னாலிருந்த முகடு மறைத்துக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கல்லை உதறினேன். பிறகு ஃபிர் மரங்களுக்குள் இறங்கினேன். காற்று சட்டென்று நின்று, அன்று முதல் தடவையாக என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்டது.